நிலச்சம்பங்கிப் பாத்தியில் ஊட்டக் குறைபாட்டைக் கண்டறிதல்: கொழும்பின் ஈர மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

பாத்தியில் இலை மஞ்சளானவுடன் ஓரிரண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பசளைக் கடைக்குப் போவது, பூச்செய்கைக்குப் புதிதாக வருகின்ற அநேகரின் வழக்கம். கடையில் இலையைப் பார்த்து ஒரு பைக்கற்றைக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் யூரியாவாக இருக்கும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடியிருந்துகொண்டு, ஹோமாகம, ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கங்களில் சிறு காணி எடுத்து, கோவில் மாலைக்கென்று நிலச்சம்பங்கி நடுகின்ற பலருடைய பாத்திகளில் இதன் விளைவைப் பார்த்திருக்கிறேன். என்னுடைய முதலாவது பாத்தியிலும் இதுவே நடந்தது. மஞ்சளான இடத்துக்கு மூன்று முறை யூரியா இட்ட பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அங்கே வேர் என்று சொல்லக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகளை மற்றப் பயிர்களைப் போல இலையை மட்டும் பார்த்து நிதானிக்க முடியாது. நட்ட கிழங்கு தன்னிடம் சேமித்திருப்பதைக் கொண்டே முதல் சில வாரங்களுக்கு இலைகளை வளர்த்துவிடும். மண்ணில் குறை இருந்தாலும் அது அந்நாட்களில் வெளியே தெரியாது. தெரியவரும்போது பூந்தண்டு உருவாகும் காலம் நெருங்கியிருக்கும். ஆகவே கீழே உள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே செய்ய வேண்டும். இலைக் குறிகளை வாசிப்பது நான்காவது படியில்தான் தொடங்குகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, கூரான கத்தி, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, சுத்தமான பிளாஸ்டிக் வாளி, பொலித்தீன் பைகள், வண்ண நூல் கட்டிய குச்சிகள், மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தை அளக்கும் மானி அல்லது தாள், காய்ச்சி வடித்த நீர், ஒரு கொப்பி ஆகியவை போதும். பரீட்சைக்காகச் சிறிதளவு யூரியா, எப்சம் உப்பு (மகனீசியம் சல்பேற்று), பொற்றாசியம் சல்பேற்று, பெரசுச் சல்பேற்று (இரும்புச் சல்பேற்று) ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாளி இரும்பிலோ நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டிலோ ஆனதாக இருக்கக் கூடாது. மண் மாதிரியில் இரும்பும் நாகமும் கலந்துவிட்டால், அந்த இரண்டையும் பற்றிய ஆய்வு முடிவு பொய்யாகிவிடும்.

இவற்றை விட முக்கியமானவை இரண்டு தகவல்கள்: கிழங்கு நட்ட திகதியும், இதுவரை எதை எப்போது எவ்வளவு இட்டீர்கள் என்பதும். கொப்பியில் இவை இல்லாவிட்டால் நினைவிலிருந்தாவது எழுதுங்கள். இட்டது கூட்டெருவா, மாட்டெருவா, கோழி எருவா, மரத்தூளா என்பதையும் எழுத வேண்டும். நன்கு உக்காத மரத்தூளையோ வைக்கோலையோ மண்ணில் கலந்தால், அதை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். பசளை இட்டும் செடி பசியோடு நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

2. இலையைத் தொடும் முன் பாத்தியை வரைந்துகொள்ளுதல்

காலை வெயிலில் பாத்தியைச் சுற்றி வந்து, மஞ்சள் எங்கெங்கே இருக்கிறது என்பதைக் கொப்பியில் படமாக வரையுங்கள். கைப்பேசியில் எடுத்த ஒற்றைச் செடியின் படம் இதற்கு ஈடாகாது. குறைபாட்டின் காரணத்தில் பாதியை அதன் பரவலே சொல்லிவிடும்.

பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிறியிருந்தால் ஊட்டக் குறைபாட்டுக்கு வாய்ப்பு அதிகம். நல்ல செடிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நோய்ச் செடிகள் நின்றால், அது பெரும்பாலும் கிழங்கோடு வந்த நோய். தாழ்வான மூலையில் திட்டாக இருந்தால் வடிகாலைச் சந்தேகியுங்கள். வரிசை வரிசையாக மாறி மாறித் தெரிந்தால், பசளை சமமாக விழவில்லை என்று பொருள்.

நகரத்து வளவுகளில் இன்னுமொரு பரவல் உண்டு. மதிலோரமாக மட்டும் இளம் இலைகள் வெளிறி நிற்கும். சாந்து பூசிய மதிலிலிருந்தும் கட்டட இடிபாட்டிலிருந்தும் சுண்ணாம்பு கரைந்து மண்ணில் சேர்வதால், அவ்விடத்தில் மாத்திரம் மண் காரத்தன்மை அடைகிறது. கொழும்பு மண் அமிலமானது என்ற பொது விதியை நம்பி அங்கேயும் அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டொலமைற்றை இட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

3. இரண்டு செடிகளைத் தோண்டுதல்

பாதிப்பு நடுத்தரமாக உள்ள ஒரு செடியையும், முற்றிலும் நல்லதாக உள்ள ஒரு செடியையும் பக்கவேர் அறாமல் மண்ணோடு தூக்குங்கள். முற்றாக வாடியதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. செத்துக்கொண்டிருக்கும் செடியில் எல்லா நோய்களும் ஒன்றாகத் தெரிவதால், எது முதலில் வந்தது என்பதை அறிய முடியாமல் போகும்.

பூச்செடியைப் பிடுங்க மனம் வராமல் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஆயினும் எனக்குத் தெரிந்த வரையில், பிழையான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. வேர் அழுகிய செடியும் நைதரசன் இல்லாத செடியும் மண்ணுக்கு மேலே ஒன்று போலவே தெரியும். இரண்டிலும் இலை வெளிறுகிறது. இரண்டிலும் வளர்ச்சி குன்றுகிறது. நைதரசன் இல்லாததற்கு யூரியா மருந்து, வேர் அழுகியதற்கு அது கேடு.

வேரை நீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். பழுப்பாகி, இழுத்தால் மேற்றோல் கழன்று நடுநார் மட்டும் மிஞ்சினால் அது நீர் தேங்கியதால் வந்த அழுகல். வேரைச் சுற்றிச் செம்மஞ்சள் படிவு இருப்பதும், அருகிலுள்ள கானில் துருநிற ஏடு மிதப்பதும், அந்த நிலம் நீண்ட நாட்களாக நீரில் ஊறியிருப்பதற்கான அடையாளங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. நிலச்சம்பங்கியை இது எளிதில் தாக்கும்.

அடுத்து, கிழங்கை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக இருந்தால் நல்லது. அடித்தட்டில் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ புளித்த மணம் வந்தாலோ, ஊட்டக் குறைபாட்டைத் தேடுவதை அத்துடன் நிறுத்திவிட்டு அழுகலைக் கவனியுங்கள். வேரும் கிழங்கும் நலமாக இருந்தால் மாத்திரமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

4. இலையின் வயதைக் குறித்தல்

நிலச்சம்பங்கியில் இலைகள் கொத்தாக வளர்வதால், வெளிவட்டத்தில் உள்ளவை பழையவை, நடுவில் உள்ளவை இளையவை. மலைநாட்டில் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் செய்யப்படும் கிளாடியோலஸில் இலைகள் விசிறியாக அமைவதால், கீழே உள்ளது பழையது.

மாற்றம் எந்த வயது இலையில் தொடங்கியது என்பதே இந்த முறையின் மையம். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி இவற்றைப் பழைய இலையிலிருந்து இழுத்துப் புதிய இலைக்கு அனுப்பும்; எனவே குறி பழைய இலையில் தோன்றும். கல்சியம், போரன், இரும்பு, மங்கனீசு ஆகியவை ஓரிடத்தில் சேர்ந்த பின் எளிதில் நகர்வதில்லை. ஆகவே குறி இளம் இலையிலோ மொட்டிலோ தோன்றும். கந்தகமும் மெதுவாகவே நகரும்.

ஓர் எச்சரிக்கை: பூத்து முடிந்த செடியின் வெளி இலைகள் இயல்பாகவே மஞ்சளாகும். அது குறைபாடு அன்று. இலையிலுள்ளது கிழங்குக்குத் திரும்புகிறது. அந்த இலைகளை அழகுக்காக வெட்டிவிடுவது அடுத்த பருவத்துக் கிழங்கின் சாப்பாட்டைப் பறிப்பதாகும்.

5. பழைய இலையில் தொடங்குபவை

நைதரசன் குறையும்போது வெளி இலை முழுவதும், நரம்பும் இடைவெளியும் ஒன்றாக வெளிறும். செடி சிறுத்து, பூந்தண்டுகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு தண்டிலும் உள்ள பூக்களின் எண்ணிக்கையும் குறையும். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெய்யும் அடைமழைக்குப் பின்னர் இந்தக் குறி வருவது எதிர்பார்க்கத்தக்கதே. நைதரசனின் நீரில் கரையும் வடிவமான நைதரேற்று, நீரோடு கீழே இறங்கிவிடும்.

பொற்றாசியம் குறையும்போது பழைய இலையின் நுனியும் விளிம்பும் முதலில் மஞ்சளாகி, பின்னர் தீய்ந்தது போலப் பழுப்பாகும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பூந்தண்டு குட்டையாகி, கிழங்கும் பருக்காது. யூரியாவும் கூட்டெருவும் மட்டும் இட்டுவந்த பாத்திகளில் இதை அதிகம் காண்கிறேன். நைதரசன் ஏற ஏற இலை பெருகுகிறது. பெருகிய இலைக்குப் பொற்றாசியம் போதாமற் போகிறது.

மகனீசியம் குறையும்போது பழைய இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். இந்தச் செடிகளில் நரம்புகள் இணையாக ஓடுவதால் அது கோடு கோடாகத் தெரியும். வானத்தை நோக்கி இலையைப் பிடித்தால் இந்தக் கோடுகள் தெளிவாக விளங்கும். எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையை அளவுக்கு மீறி இட்ட இடத்திலும் இதே குறி வரும். பொற்றாசியம் மிகுந்தால் வேர் மகனீசியத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

பொசுபரசுக் குறைபாட்டில் மேல் இலைகள் கடும்பச்சையாகவும் கீழ் இலைகள் ஊதா கலந்தும் தோன்றும். வேர் வளர்ச்சி குன்றும். எமது செம்மண்ணில் பொசுபரசு இல்லாமற் போவதை விட, இருந்தும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடைக்காமற் போவதே அதிகம். எனவே டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையை வாங்கும் முன் பி.எச். பெறுமானத்தைப் பாருங்கள்.

6. இளம் இலையிலும் பூந்தண்டிலும் தோன்றுபவை

நடு இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. மகனீசியத்துக்கும் இதற்கும் உருவம் ஒன்றே. வேறுபாடு இலையின் வயதில் மட்டுமே உள்ளது. நான்காவது படியைத் தாண்டியவர்கள் சரியாக இவ்விடத்தில்தான் தவறுகிறார்கள்.

இளம் இலைகள் கோடில்லாமல் முழுவதும் வெளிறினால் கந்தகத்தை நினைக்கலாம். நைதரசனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் வயதே.

கல்சியம் குறைந்தால் அதன் அடையாளம் பூந்தண்டில்தான் நன்றாகத் தெரியும். தண்டு வெடிக்கும்; கடுமையானால் மொட்டு அழுகும். கிளாடியோலஸில் தண்டு பூக்களுக்குக் கீழே மடிந்து சாய்வதும் உண்டு. கல்சியம் நீரோட்டத்துடன் மட்டுமே மேலே ஏறுவதால், மண்ணில் போதியளவு இருந்தும் ஒரு வாரம் நீர் தவறினால் மொட்டுக்கு எட்டாது. ஆகவே கல்சியம் என்று முடிவு செய்யும் முன்னர், தண்டு வளர்ந்த காலத்தில் நீர் ஒழுங்காகக் கிடைத்ததா என்று கொப்பியைப் பாருங்கள்.

போரன் குறைந்தால் இலையில் வெடிப்பும் பூங்கொத்தில் உருக்குலைவும் தோன்றும். பூ வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். போதிய அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடையிலான தூரம் போரனில் மிகக் குறுகியது. ஆய்வு முடிவு இல்லாமல் இதை எந்த வடிவிலும் இட வேண்டாம்.

7. குறைபாடு போலத் தோன்றினாலும் குறைபாடு அல்லாதவை

நரம்புகளோடு ஒத்துப்போகாமல், ஒழுங்கற்ற திட்டுகளாகவோ கீற்றுகளாகவோ மஞ்சள் இருந்தால் வைரசு நோயாக இருக்கலாம். குறைபாட்டில் இலையின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். வைரசில் அப்படி இராது. வெள்ளி பூசினாற்போன்ற கீற்றும் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கைவில்லையில் தெரிந்தால் அது இலைப்பேன்.

நுனி தீய்வதற்குப் பொற்றாசியக் குறைபாடு மட்டுமே காரணமல்ல. கடலோரப் பகுதிகளின் கிணற்று நீரில் உப்பு ஏறியிருந்தாலும், கழுவாத தும்புத் தூளை நிறையக் கலந்திருந்தாலும், பசளை மிகையானாலும் நுனி எரியும். கிளாடியோலஸும் லில்லியும் புளோரைட்டைத் தாங்காதவை. சுப்பர்பொசுபேற்றுப் பசளைகளில் புளோரைட்டு இருப்பதால், அமில மண்ணில் அவற்றை மிகுதியாக இட்டால் இலை நுனி காய்ந்துபோகும். அதைப் பொற்றாசியக் குறை என்று எண்ணி மேலும் உப்பைக் கொட்டுவது செடிக்கு இரட்டைத் துன்பம்.

8. மண்ணை அளத்தல்

கடைசியாகப் பசளை இட்டு ஒரு மாதமாவது கழிந்த பின் மண் எடுங்கள். மேலுள்ள சருகை நீக்கிவிட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை, வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுத்து வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். நல்ல பகுதிக்கும் பாதித்த பகுதிக்கும் தனித்தனியாக இரண்டு மாதிரிகள் வேண்டும். ஒரே மாதிரி கொடுத்து வாங்கும் அறிக்கையில் ஒப்பிட எதுவும் இராது.

பி.எச். பெறுமானத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, மறுபடி கலக்கி அளக்க வேண்டும். குழாய் நீரும் கிணற்று நீரும் தமது பெறுமானத்தைக் கலந்துவிடுவதால் பயன்படா.

6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் பி.எச். உங்கள் சிக்கல் அன்று. 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் குட்டையாக்கும், பொசுபரசு பிணைந்துபோகும், கல்சியமும் மகனீசியமும் ஏற்கனவே மழையில் கரைந்து போயிருக்கும். கபுக் கல் (செம்பூரான் கல்) உடைந்த செம்மண் காணிகளில் இந்த நிலை மிகச் சாதாரணம். 7-ஐத் தாண்டினால் இரும்பும் மங்கனீசும் நாகமும் கரையாமல் நின்றுவிடும்.

முழு ஆய்வு தேவைப்பட்டால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்; விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவையையும் அழைக்கலாம். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள திணைக்களத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவகத்தில் மண் பரிசோதனை வசதி உண்டு.

9. சிறு பரீட்சையால் உறுதி செய்தல்

இதுவரை கிடைத்தது சந்தேகம் மட்டுமே. முழுப் பாத்திக்கும் பசளை இடும் முன்னர் அதைச் சோதிக்க வேண்டும். பாதித்த பகுதியில் ஒரு மீற்றர் நீளமான துண்டுகளைக் குச்சியால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஊட்டத்தை மட்டும் இலையில் தெளியுங்கள். ஒரு துண்டுக்கு வெறும் நீர் தெளிக்க வேண்டும். அது இல்லாவிட்டால், மழை நின்றதால் வந்த பச்சையையும் மருந்தால் வந்த பச்சையையும் பிரிக்க முடியாது.

ஒரு லீற்றர் நீருக்கு யூரியா 5 கிராம், எப்சம் உப்பு 10 கிராம், பொற்றாசியம் சல்பேற்று 10 கிராம் என்பது நான் பயன்படுத்தும் அளவு. காலையிலேயே தெளியுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும்.

இரும்புக்கு இதைவிட எளிய வழி உண்டு. லீற்றருக்கு 5 கிராம் பெரசுச் சல்பேற்றைப் புதிதாகக் கரைத்து, ஓர் இளம் இலையின் பாதியில் மட்டும் தூரிகையால் பூசுங்கள். காரணம் இரும்பானால், ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பூசிய பாதி பச்சையாகும். செடியே தன் வாயால் பதில் சொல்வது போன்ற இந்த ஒரு பரீட்சையைப் புதியவர்களிடம் முதலில் செய்யச் சொல்வேன்.

நைதரசனுக்கு ஒரு வாரத்தில் நிறம் மாறும். மகனீசியத்துக்கு இரண்டு வாரங்கள் வரை பொறுக்க வேண்டும். தீய்ந்த விளிம்பு மறுபடி பச்சையாகாது என்பதால், பொற்றாசியத் துண்டில் அடுத்தடுத்த இலைகளுக்குத் தீய்தல் ஏறுகிறதா என்பதையே பாருங்கள். பொசுபரசையும் கல்சியத்தையும் இந்த முறையில் கண்டறிய முடியாது. அவற்றுக்கு மண் ஆய்வே வழி.

10. திருத்தும்போது பின்பற்ற வேண்டிய வரிசை

முதலில் வடிகால். பாத்தியை 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயர்த்தி, பக்கக் கானைத் தாழ்வான பக்கம் திறந்துவிடுங்கள். மூச்சுவிட முடியாத வேருக்கு எந்தப் பசளையும் பயன்படாது.

இரண்டாவதாக டொலமைற். பி.எச். குறைவென்று அளந்து கண்ட இடத்தில் மட்டும், ஆய்வு சொல்லும் அளவில், கூடுமானவரை நடும் முன்னரே மண்ணோடு கலக்க வேண்டும். இதில் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்தே இருப்பதால் எமது செம்மண்ணுக்கு வெறும் சுண்ணாம்பை விடப் பொருந்தும். இதையும் யூரியாவையும் ஒன்றாக இடாதீர்கள். நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று வார இடைவெளி தேவை.

மூன்றாவதாகவே நைதரசனும் பொற்றாசியமும். சதுர மீற்றருக்கு ஒரு தடவையில் யூரியா 10 கிராமைத் தாண்டாமல், பல தவணைகளாகப் பிரித்து இடுங்கள். மொத்தமாக இட்டால் பாதி மழையோடு போகும். மீதி கிழங்கை மென்மையாக்கி அழுகலுக்கு வழிவிடும். முதல் தவணை வேர் பிடித்து இலைகள் நன்கு விரிந்த பின், அடுத்தது பூந்தண்டு எட்டிப் பார்க்கும்போது, கடைசியானது பூ வெட்டிய இரண்டு வாரங்களில். கடைசித் தவணையில் யூரியாவைக் குறைத்து எம்.ஓ.பி.யைக் கூட்ட வேண்டும். அந்த நாட்களில் பருப்பது கிழங்கு.

திருத்திய பின் ஒவ்வொரு வாரமும் அதே பத்துச் செடிகளின் நடு இலையைப் பாருங்கள். செடியை மாற்றி மாற்றிப் பார்த்தால் கண் தனக்கு வேண்டியதையே காணும். கிழங்கு கிளப்பும் நாளில், திருத்திய பகுதியிலிருந்தும் நீர் மட்டும் தெளித்த துண்டிலிருந்தும் இருபது இருபது கிழங்குகளைத் தனித்தனியே நிறுத்து, எடையைத் திகதியோடு கொப்பியில் எழுதி, இரண்டு பைகளிலும் பெயர்ச்சீட்டுக் கட்டி வையுங்கள். அடுத்த பருவத்தில் இரண்டையும் தனித்தனி வரிசைகளில் நட வேண்டும்.